தடி வேண்டாம், ரப்பர் மட்டும்

ஹாட்வெயார் கடைக்குச் சந்தோஷமாக வருகிறவர் எவரும் இல்லை. சந்தோஷமாக இருப்பவர் பூக்கடைக்குப் போவார், நகைக்கடைக்குப் போவார். எங்களிடம் வருகிறவருக்கு ஒன்றில் குழாய் ஒழுகும், அல்லது கதவு பூட்டுப்படாது, அல்லது இந்த இரண்டையும் பற்றி வீட்டில் காலையிலேயே யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். கடை வைத்திருக்கும் உறவுகளே, நீங்கள் மிளகாய்த்தூள் விற்றாலும் சரி, பெற்றோல் விற்றாலும் சரி, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் என்றால் நான் சொல்வது விளங்கும்.

எண்பதுகளின் நடுவில் மேற்கு லண்டனில் குணம் அண்ணையின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணை எனக்கு இரத்த உறவு இல்லை. ஊரில் பக்கத்துப் பள்ளிக்கூடம். லண்டனில் அது இரத்த உறவுக்கும் மேலே. அவர் கல்லாவில் இருப்பார், நான் ஏணியில் இருப்பேன். எந்த அளவு ஆணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு நான் தேறியது கொஞ்ச நாளிலேயே. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தொலைக்காட்சி ஸ்டூடியோ இருந்தது. நகைச்சுவை நிகழ்ச்சிகள் சனங்களை முன்னால் இருத்திவைத்து அங்கேதான் பதிவாகும். அதனால் எங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் கூத்தாடிகளும் வாத்தியக்காரர்களும். இந்தக் கதையில் இனி வருகிற வெள்ளைக்காரர் எல்லோரும் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். என் ஞாபகத்தில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், குறைநினைக்க வேண்டாம்.

வாயில் வைத்துப் பார்த்தவர்

முதல் முறை அவர் வந்தபோது ஏதோ வங்கி மனேஜர் என்றுதான் நினைத்தேன். நெடிய மனிதர், நரைத்த தலை, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு வில்லுக் கட்டு டை, காலில் கண்ணாடி மாதிரி மினுக்கிய சப்பாத்து. பிளஞ்சர் வேண்டும் என்றார். அடைத்துக்கொண்ட சிங்க்கை அமத்தி அமத்தித் திறப்போமே, தடியும் அதன் நுனியில் கவிழ்த்த ரப்பர்க் கிண்ணமும், அதுதான். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அது போதாது என்று எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு ரப்பரையும் அமத்திப் பார்த்தார். பிறகு ஒன்றைத் தெரிந்து, தடியைத் திருகிக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ரப்பரைத் தன் வாய்க்கு நேரே பிடித்து மூடித் திறந்து "வா... வா... வா..." என்றார்.

நான் அண்ணையைப் பார்த்தேன், அண்ணை கூரையைப் பார்த்தார். மனிதர் முழு விலையையும் தந்துவிட்டு ரப்பரை மட்டும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தடியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினேன். "தடி வேண்டாம், ரப்பர் மட்டும்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "தம்பி, தடியை எறியாதை. ஒருநாளைக்குத் தடி மட்டும் கேட்டு ஒருத்தன் வருவான்."

ஊமை

சில மாதம் கழித்து அதே மனிதர், அதே வில்லுக் கட்டு, அதே பிளஞ்சர். இந்த முறை என்னால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு பிளஞ்சர் ஆருக்கு என்று கேட்டுவிட்டேன். "மியூட்டுக்கு" என்றார்.

மியூட் என்றால் ஊமை. ஊரில் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் பிழை இல்லை. அகராதியிலும் அதுதான் முதலில் நிற்கும். எனக்கு மனம் இளகிவிட்டது. வீட்டில் வாய் பேசாத ஒரு பிள்ளையோ தங்கையோ இருக்கிறது, பாவம், அதற்கு இந்த மனிதர் ரப்பரை வைத்து 'வா வா' என்று பேச்சுப் பழக்குகிறார் என்று என் பாட்டில் ஒரு முழுக் குடும்பத்தையே கட்டிவிட்டேன். அவர் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "பிறந்ததிலையிருந்தோ?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை, போன செவ்வாய்க்கிழமையிலையிருந்து. பழசு வெடிச்சுப்போச்சு."

விளங்கிய ஆங்கிலம்

அதன்பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெயர் நோர்மன். ட்ரொம்போன் வாசிப்பவர், முன்னும் பின்னும் இழுத்து ஊதுவார்களே, அந்த நீளப் பித்தளை வாத்தியம். அதன் வாய்க்கு முன்னால் ரப்பர்க் கிண்ணத்தைப் பிடித்து மூடித் திறந்தால் சத்தம் அமுங்கி, மனிதர் அழுகிற மாதிரி, சிணுங்குகிற மாதிரி வரும். அந்தச் சத்தத்தை அமத்துகிற பொருளுக்குத்தான் மியூட் என்று பேர். விலை கூடிய மியூட்டுகள் வாத்தியக் கடையில் உண்டு. ஆனால் ஜாஸ்காரருக்கு ஹாட்வெயார் கடைப் பிளஞ்சருக்கு நிகர் எதுவும் இல்லையாம். வார இறுதியில் கிளப்பில் ஜாஸ். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டூடியோவில் ஒரு நகைச்சுவைத் தொடருக்கு வாத்தியம். அதில் ஒருவன் கேக்கின்மேல் உட்காரும்போது "வா வா வா வாஆ" என்று சரிந்துகொண்டு போகும் சத்தம் இவருடையது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்தத் தொடரை நானும் என் மனைவி சாந்தியும் ஹவுன்ஸ்லோ வீட்டில் ஒரு கிழமை விடாமல் பார்ப்போம். சாந்தி அப்போதுதான் வந்திருந்தாள். அந்த வேக ஆங்கிலத்தில் பகிடி எது, சாதாரணக் கதை எது என்று இருவருக்கும் தெரியாது. 'வா வா' வந்தால் சிரிப்போம். பெட்டிக்குள் சனம் சிரித்தாலும் 'வா வா' வராவிட்டால் சிரிக்கமாட்டோம். அந்த நிகழ்ச்சியில் எங்களுக்கு விளங்கிய ஒரே ஆங்கிலம் அதுதான். இதைச் சொன்னதும் நோர்மன் ரப்பரை மேசையில் வைத்துவிட்டு என் கையைக் குலுக்கினார். "ஜாஸ்காரன் போய்ப் பகிடிக்கு ஊதுறது வெக்கக்கேடு எண்டு என்ரை மனிசி சொல்லுறா. ஹவுன்ஸ்லோவிலை விளங்குது எண்டு நீங்கள் ஒருக்கால் அவவுக்குச் சொல்லவேணும்."

பின்வாங்கு

நோர்மன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு பித்தளைக்காரர் ஒவ்வொருவராய் வரத் தொடங்கினார்கள். ட்ரம்பெட்காரருக்குச் சிங்க்குக்கான சின்ன ரப்பர், ட்ரொம்போன்காரருக்குக் கழிவறைக்கான பெரிய ரப்பர். தடிகள் கல்லாவுக்குப் பின்னால் விறகுக்கட்டு மாதிரி சேர்ந்தன.

பகிடி நிகழ்ச்சிகளில் ஏன் இத்தனை ஜாஸ்காரர் என்று நோர்மனிடம் கேட்டேன். பித்தளைக்காரர் எப்போதும் கடைசி வரிசையில்தான் இருப்பார்களாம். ஊதுகிற நேரத்தைவிடச் சும்மா இருக்கிற நேரம் கூட. முன்னால் வயலின்காரர் வியர்க்க வியர்க்க இழுத்துக்கொண்டிருக்க, இவர்கள் பின்னால் இருந்து பாட்டுக்காரியின் விக் வழுக்குவதையும் இசை நடத்துனரின் காற்சட்டை கிழிந்திருப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அந்தக் காலத்துக் கோமாளிகள் பலர் அந்த வரிசையிலிருந்து எழும்பி முன்னால் வந்தவர்களாம். எனக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வகுப்பிலும் பகிடி எல்லாம் கடைசிப் பெஞ்சான பின்வாங்கிலிருந்துதான் வந்தது. வந்த இடத்தைப் பார்த்துத்தான் வாத்தியார் அடித்தார். அது என் தோளுக்கு இன்னும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மூன்று ட்ரம்பெட்காரர் ஒன்றாக நின்று ரப்பரை வாயில் வைத்து 'வா வா' என்று பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். குழாய் வாஷர் வாங்க வந்த ஒரு முதிய அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் போனதும் சொன்னார்: "என்ரை சிங்க்கும் வருஷக்கணக்கா இதே சத்தம்தான் போடுது. அதை ஒருத்தரும் ரீவியிலை போடேல்லை."

தடி கேட்டு வந்தவர்

அண்ணையின் வாக்குப் பலித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கதவைத் திறந்துகொண்டு வந்தவரைக் கண்டதும் நான் ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். நாங்கள் கிழமைதோறும் பார்க்கும் அந்தத் தொடரின் கோமாளி. ஆர்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேக்கின்மேல் உட்காருகிறவர் அவர்தான். பெட்டிக்குள் குட்டையாகத் தெரிவார், நேரில் அதைவிடக் குட்டை.

வாத்தியார் வேஷம் ஒன்றுக்கு ஒரு தடி வேண்டுமாம். கூட்டுகிற தும்புத்தடி நீளம் கூட, ஊன்றுகோல் தடிப்பு கூட. அண்ணை குனிந்து, கல்லாவுக்குப் பின்னாலிருந்த கட்டை அப்படியே தூக்கி மேசையில் வைத்தார். அந்த முகத்தில் இருந்த வெற்றியை நான் பிறகு அவருடைய மகளின் கல்யாணத்தன்றுதான் கண்டேன். ஆர்தர் ஒரு தடியை எடுத்து விசுக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தடி எங்கிருந்து என்று கேட்டார். நோர்மனின் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "நானும் ட்ரம்பெட்காரன்தான்" என்றார். இளமையில் ஒரு நடன பாண்டில் ஊதினாராம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் போயிற்றாம். பல் போனதும் ட்ரம்பெட்டும் போயிற்று, உதட்டுக்கு முட்டுக் கொடுப்பது பல்தான்.

பகிடி சொல்ல எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். அதே பாண்டில்தான் என்றார். ட்ரம்பெட்டில் சத்தம் முக்கியமில்லை, எங்கே மூச்சு எடுப்பது என்பதுதான் முக்கியம், பகிடியும் அதேதான். கடைசிச் சொல்லுக்கு முதல் மூச்சை எடுத்து வைத்துக்கொண்டு சனத்தைக் காக்க வைக்கவேண்டும். இதைச் சொல்லிவிட்டு, உண்மையாகவே ஒரு மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னார்: "பல்லு இருக்கேக்குள்ளை ஒருத்தரும் கைதட்டேல்லை. பல்லில்லாமல் வாயைத் திறந்தன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நான் என்ன செய்யிறது?"

மூச்சு

கற்றதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நானில்லை. அடுத்த நாளே கவுண்டரில் மூச்சு எடுக்கத் தொடங்கினேன். "இந்தப் பூட்டு பலமானதோ?" என்று கேட்டால் முன்பு சட்டென்று ஓம் என்பேன். இப்போது பூட்டையும் சாவியையும் கையில் எடுத்து, ஒரு மூச்சு இழுத்து, "திறப்பைத் துலைச்சுப்போட்டு வாருங்கோ, அப்ப தெரியும்" என்பேன். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். அந்தக் காலத்தில் பக்கத்திலே பென்னாம்பெரிய கடை ஒன்று திறந்தும் எங்கள் சனம் எங்களை விட்டுப் போகவில்லை. அண்ணை அதற்குக் காரணம் பிள்ளையார் என்பார். பிள்ளையாரும் காரணமாக இருக்கலாம்.

ஒரேயொரு தரம் தோற்றேன். ஒரு அயர்லாந்து அம்மா எலிப்பொறியைத் திருப்பிக் கொண்டுவந்தார். வைத்து இரண்டு கிழமை, ஒரு எலியும் அகப்படவில்லையாம். நான் பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூச்சு எடுத்தேன். "அப்ப பொறி நல்லா வேலை செய்யுது. எலி பயந்து ஓடியிட்டுது" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைவிட நீளமாக ஒரு மூச்சு எடுத்தார். "ஓடேல்லைத் தம்பி. பொறிக்கு மேலை இருந்துதான் சீஸ் தின்னுது."

மெஷின்

தொண்ணூறுகள் பிறந்து கொஞ்சக் காலம். ஒரு திங்கட்கிழமை நோர்மன் வந்தார். எதையும் அமத்திப் பார்க்கவில்லை. கவுண்டரில் சாய்ந்துகொண்டு நின்றார். தொடருக்குப் புதிய தயாரிப்பாளர் வந்திருக்கிறார். வந்த கையோடு ஒரு மெஷின் கொண்டுவந்திருக்கிறார். பியானோ மாதிரிக் கட்டைகள். ஒன்றை அமத்தினால் ட்ரம்பெட், இன்னொன்றை அமத்தினால் ட்ரொம்போன், 'வா வா வா வாஆ' கூட உண்டு. வாத்தியக்காரர் வரிசை முழுக்க வீட்டுக்கு. ஆர்தர் சண்டைபிடித்து ஒரேயொரு சந்தர்ப்பம் வாங்கியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமைப் பதிவில் முதல் பாதி மெஷின், இரண்டாம் பாதி நோர்மன். அதன்பிறகு தயாரிப்பாளர் முடிவு.

"கிளப் இருக்குத்தானே?" என்று ஆறுதலாகக் கேட்டேன். இருக்கிறது என்றார். ஆனால் கிளப்புக்கு வருகிறவர் ஜாஸ் தெரிந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத சனத்துக்கு அவர் ஊதுவது ஸ்டூடியோவில் உட்காருகிற இந்த ஒரு கதிரையில் இருந்துதான். அந்தக் கதிரை போனால் தன்னுடைய 'வா' ஹவுன்ஸ்லோவுக்கு வராது என்றார். ஹவுன்ஸ்லோ என்று அவர் சொன்னது எங்களை. மெஷின் ஊதுவதைக் கேட்டீர்களா, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பிழையே விடாது. மூச்சு முட்டாது. மூச்சே எடுக்காததுக்கு எப்பிடி முட்டும்?"

குட்மேய்ஸ் ரப்பர்

இதில் இன்னொரு சனியனும் சேர்ந்தது. நோர்மனின் ரப்பர் ஓரத்தில் வெடித்துவிட்டிருந்தது, எங்களிடமோ நல்ல ரப்பர் இல்லை. எங்களுக்குச் சாமான் தருகிறவர்கள் எல்லோரும் கடும் பிளாஸ்ரிக்குக்கு மாறிவிட்டார்கள். அதைப் பிடித்து ஊதிப் பார்த்த நோர்மன், பொய்ப்பல்லை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார். "கவலைப்படாதையுங்கோ, வெள்ளிக்கு முதல் நான் எடுத்துத் தாறன்" என்றேன். எங்கிருந்து என்று எனக்குத் தெரியாது. ஆனால் லண்டனில் எங்கள் ஆட்களின் கடை இல்லாத மூலை எது? எட்மண்டனுக்குத் தொலைபேசி அடித்தேன், இல்லை. ஹவுன்ஸ்லோ முழுக்க நடந்தேன், இல்லை. கடைசியில் குட்மேய்ஸில் ஒரு பலசரக்குக் கடைக்காரர், "பழைய சாமான் ஒண்டு தொங்குது, வந்து பாருங்கோ" என்றார்.

கடை மூலையில், கூரைக் கொழுக்கியில், ஒரேயொரு பிளஞ்சர். அசல் சிவப்பு ரப்பர், குழந்தையின் கன்னம் மாதிரி மென்மை. எத்தனை வருஷம் தொங்கியதோ, கடைக்காரருக்கே தெரியாது. அதற்குப் பக்கத்துக் கொழுக்கிகளில் கருவாடு தொங்கியது. அது என் கண்ணில் பட்டது, மூக்கில் படவில்லை. எங்கள் வீட்டு மூக்குக்குக் கருவாடு ஒரு மணமா? கொண்டுவந்து சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய்ப் புளி தேய்த்து, காயவைத்து, பெருமையாக மேசையில் வைத்தேன். அண்ணை எடுத்து மூக்கருகே பிடித்தார். ஏதோ மணக்கிறது என்றார். ரப்பர் மணம், புதுச் சாமான் அப்படித்தான் என்று நான் சமாளித்தேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, ரப்பர் மணம் எண்டு நீ சொல்லுறாய். எனக்கு ராத்திரிச் சாப்பிட்ட குழம்பு மணக்குது."

வெள்ளிக்கிழமை

நோர்மன் எங்களுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுத் தந்திருந்தார். சாந்தி கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாத்தியக்காரர் மேடைக்கு ஒரு பக்கத்தில், எங்கள் வரிசைக்குக் கிட்டவே. ஆனால் அன்றைக்கு அங்கே மெஷினும் அதன் முன்னால் ஒரு ஒல்லிப் பொடியனும், பக்கத்தில் ஒரு கதிரையில் நோர்மனும் மட்டும். மற்றக் கதிரைகள் வெறுமையாக இருந்தன.

முதல் பாதி மெஷின். உள்ளதைச் சொல்லவேண்டும், அது ஒரு பிழையும் விடவில்லை. எழுதியிருந்த இடத்தில் எழுதியிருந்தபடி 'வா வா' வந்தது. ஆனால் ஆர்தர் கடைசிச் சொல்லுக்கு முதல் மூச்சு எடுத்தபோது மெஷின் எடுக்கவில்லை. சனம் வாயைத் திறக்க முதலே அது முடித்துவிட்டு இருக்கும். சனம் சிரித்தது, சபைக்குப் போனால் சிரிக்கவேண்டுமே என்று சிரிக்கிற மாதிரி. தயாரிப்பாளர் ஒரு ஓரத்தில் கைகட்டி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அது நல்ல தலையாட்டலா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பாதி தொடங்க, விளக்குகள் நோர்மன் பக்கமும் திரும்பின. அந்தச் சூட்டில் நின்றால் கோழி அவியும். நோர்மன் நான் கொடுத்த ரப்பரைக் கையில் எடுத்து, இரண்டு மூன்று தரம் மெதுவாக ஊதிச் சூடாக்கினார். சூடு பட்டதும், இரண்டு நாளாய் நான் சவர்க்காரத்தாலும் தேசிக்காயாலும் அமத்தி வைத்திருந்தது மெல்ல எழும்பி வந்தது. சாந்தி மூக்கை உயர்த்தினாள். முன் வரிசையைப் பார்த்தாள், பின் வரிசையைப் பார்த்தாள். பிறகு என் முழங்கையை இடித்தாள்: "இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை எங்கடை ஆக்கள் ஆரோ இருக்கினம்."

எந்தப் பொத்தான்

நான் கதிரைக்குள் புதைந்துவிட்டேன். மேடையில் ஆர்தர் வாத்தியார் வேஷத்தில் வந்தார். கையில் எங்கள் கடைத் தடி. ஒரு பிளஞ்சரின் தடி மேடையில், இன்னொன்றின் ரப்பர் ஓரத்தில். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது அன்றுதான். கதை இதுதான்: வாத்தியார் பாடம் நடத்துகிறார், பின்வாங்கில் யாரோ சிரிக்கிறார்கள், வாத்தியார் தடியை ஓங்கிக்கொண்டு "ஆர் சிரிச்சது?" என்று கேட்கிறார். உடனே 'வா'.

ஆர்தர் தடியை ஓங்கினார். "ஆர் சிரிச்சது?" நோர்மன் ரப்பரை உயர்த்தி, ஊதுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். கண் பிதுங்கியது. ட்ரொம்போனை இறக்கி, ரப்பரைத் திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்தார். யாரோ செத்துக் கிடக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. சபை மூச்சுவிடவில்லை. தயாரிப்பாளரின் கை கட்டவிழ்ந்தது. போச்சு, நோர்மனின் கதிரையை நானே கருவாட்டால் கவிழ்த்துவிட்டேன் என்று அண்ணையின் பிள்ளையாருக்கே தேங்காய் நேர்ந்தேன். ஆனால் ஆர்தர் அசையவில்லை. மெஷினுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: அங்கே ஒரு பித்தளைக்காரனுக்கு மூச்சு இன்னும் வந்துசேரவில்லை. ஓங்கிய தடி ஓங்கியபடி, கண்ணை நோர்மனில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். சனமும் காத்தது. நோர்மன் கண்ணில் நீர் வழிய, மூக்கைத் திருப்பி வாயால் மூச்சை எடுத்து, ரப்பரை வைத்து ஊதினார். வந்தது சின்ன, உடைந்த, குற்றவாளிப் பையனின் முனகல் மாதிரி ஒரேயொரு 'வாஆ'.

நான் பின்னரும் பல பதிவுகளுக்குப் போயிருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. எனக்கு முன்னால் இருந்தவர் கதிரையிலிருந்து வழுக்கினார். ஆர்தர் தடியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். சாந்தி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இந்த முறை அவளுக்குப் பகிடியும் விளங்கியது, 'வா'வும் விளங்கியது. சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. அடங்கியதும் தயாரிப்பாளர் மெஷின் பொடியனிடம் ஓடிவந்து, அந்தச் சத்தத்துக்கு மெஷினில் எந்தப் பொத்தான் என்று கேட்டார். பொடியன் கட்டைகளை மேலும் கீழும் பார்த்தான். "அதுக்குப் பொத்தான் இல்லை, சேர்."

கழுவ வேண்டாம்

மற்றவர்களின் கதிரைகளைக் காப்பாற்ற முடியவில்லை. ட்ரம்பெட்காரர் போனார்கள், அவர்களின் வேலையை மெஷின் செய்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை மட்டும் மிஞ்சியது. அந்தத் தொடர் முடியும்வரை அதில் நோர்மன் இருந்தார், கிழமை தவறாமல் ஹவுன்ஸ்லோவுக்கு 'வா' வந்தது.

அந்தப் பதிவுக்கு அடுத்த திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்ததைச் சொல்லாமல் முடிக்க ஏலாது. கதவைத் திறந்தபோதே சிரித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் குழாயும் ஒழுகவில்லை, பூட்டும் பழுதில்லை. என் முகத்தைப் பார்க்க வந்தாராம். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, ரப்பரைத் தாருங்கள், சுடுதண்ணீரில் போட்டு நன்றாகக் கழுவித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் ரப்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். அண்ணை கல்லாவிலிருந்து எழும்பி, அது என்ன மணம் என்று விளக்கமாகச் சொன்னார்: மீன், உப்பு, வெயில். நோர்மன் பயபக்தியோடு கேட்டார். பிறகு, ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எங்களிடம் இருந்த பிளாஸ்ரிக் பிளஞ்சரிலும் ஒன்று வாங்கினார், பழக்கதோஷத்தில் தடியைத் திருகி மேசையில் வைத்தார். வாசலில் நின்று திரும்பினார். "என்ரை மனிசியும் வந்து பார்த்தவ. இனி வெக்கமில்லையாம். ஆனால் உந்த ரப்பரை வீட்டுக்குள்ளை கொண்டுவரக் கூடாதாம்."

எங்கள் ஹாட்வெயார் கடைக்குச் சந்தோஷமாக வந்து சந்தோஷமாகப் போனவர் அவர் ஒருவர்தான், அவரும் வாங்கினதில் பாதியை மேசையிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்.